அரிசி டின்னில் இருந்த பிள்ளை

எங்கள் வீட்டு அந்தோனியார் ஒன்றரை அடி உயரம். சாந்தில் செய்து மண்ணிற வர்ணம் பூசிய சுரூபம். துறைமுகத்தில் வேலை பார்த்த என் அப்பா எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்தது. அப்பா போன பிறகு, நான் கல்யாணம் கட்டிப் போன வீட்டுக்கு என்னோடு வந்தது. இடது கையில் ஒரு புத்தகம், புத்தகத்தின் மேல் குழந்தை யேசு. குழந்தை தனியாகச் செய்யப்பட்டது. புத்தகத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஆணியில் அதைச் செருகி வைத்திருப்பார்கள். தூசி துடைக்கும்போது குழந்தையைக் கழற்றி, துடைத்து, மறுபடி செருகிவிடலாம். சின்ன வயதில் அந்த வேலைக்கு நான்தான் முதலில் ஓடுவேன்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், சைவக் குடும்பம். என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். அதை அவர் மறைத்ததும் இல்லை, பெரிதுபடுத்தியதும் இல்லை. அந்தோனியாருக்கு அவர் வைத்த பெயர் மாமா. "உம்மட வீட்டில தந்த சீதனம் இந்த மாமா ஒராள்தான்" என்பார். காலையில் வேலைக்குப் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, போட்டு வாறன், இவவைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று ஒரு சத்தம் வைப்பார். சிஸ்டர்மாரிடம் படித்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புனிதரோடு இப்படியா கதைக்கிறது என்று சண்டை பிடிப்பேன். அப்போது எங்கள் இரண்டு பேரில் விசுவாசம் உள்ளவள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

நாங்கள் இருந்தது கொட்டாஞ்சேனையில், ஒரு ஒழுங்கையின் கடைசி வீட்டில். இரண்டு அறை, ஒரு குசினி. அவருக்கு வேலை வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்த ஒரு ஃபாமசியில். சண்டை வடக்கில் நடந்தது. கொழும்பில் எங்களுக்கு அது அடையாள அட்டையாக வந்தது. என் அட்டையில் பிறந்த இடம் கொழும்பு. அவருடைய அட்டையில் யாழ்ப்பாணம். ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போனாலும் சோதனைச் சாவடியில் என் அட்டையை ஒரு முறை பார்ப்பார்கள், அவருடையதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நகரத்தில் எங்கேயாவது ஏதாவது வெடித்தால் அடுத்த சில நாட்களுக்கு அவர் கையில் பத்திரங்கள் கூடும். பொலிஸில் பதிந்த படிவம், கடை முதலாளியின் கடிதம், கல்யாண அத்தாட்சிப் பத்திரம். இவ்வளவையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஷேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு போவார்.

அந்த வியாழக்கிழமையும் உறை இருந்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸால் இறங்கி ஃபாமசிக்கு நடக்கும்போது சுற்றிவளைப்பு. முதலாளி கண்ணால் பார்த்தாராம். ஒழுங்கை முனைக் கடைக்குக் கோல் எடுத்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "தங்கச்சி, பயப்படாதிங்கோ. ஏத்திக்கொண்டு போட்டாங்கள். பின்னேரம் விட்டுருவாங்கள்."

பின்னேரம் விடவில்லை. வெள்ளிக்கிழமையும் விடவில்லை. பொலிஸ் வாசலில் நின்ற பொம்பிளைப் பொலிஸ், "ஹெட்ட என்ன" என்றாள். சிங்களத்தில் நாளைக்கு வா என்று அர்த்தம். இந்த இரண்டு சொல்லைக் கேட்பதற்காக நான் தினமும் இரண்டு பஸ் ஏறி, இரண்டு இடத்தில் இறங்கி அட்டை காட்டி, வெயிலில் போய் நின்றேன். அங்கே இல்லை, வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று என்று ஒருநாள் சொன்னார்கள். எந்த இடம் என்று கேட்டதற்கும் நாளைக்கு வரச் சொன்னார்கள். என்னைப் போல வாசலில் நின்ற பெண்கள் ஆறேழு பேர். அதில் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தியோடு கொஞ்சம் பழக்கமானேன். அவளுடைய புருஷனும் அதே காலையில்தான் பிடிபட்டார். அவள் வெள்ளவத்தையில் முருகன் கோயிலுக்கு நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். "நீங்க?" என்று கேட்டாள். நான் "அந்தோனியாருக்கு" என்றேன். அது பொய். நான் எவருக்கும் எதுவும் நேரவில்லை.

என்னால் செபிக்க முடியவில்லை. இதை இன்றைக்கும் யாரிடமும் சரியாக விளங்கப்படுத்த எனக்குத் தெரியாது. செபமாலையை எடுத்தால் முதல் அருள் நிறைந்த மரியே செபத்திலேயே "மரண வேளை" என்ற சொல் வருகிறது. பிறந்த நாள் தொடக்கம் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு வந்த சொல். இப்போது அதைச் சொன்னால் அவருக்கு ஏதாவது நடந்துவிடும் போல் பயம். அந்தச் சொல்லை விட்டுவிட்டுச் சொன்னால் அது செபமா? அப்படியே மாலையைக் கீழே வைத்துவிடுவேன். பயத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. கேட்பதற்கு அங்கே யாராவது இருக்கிறார்களா என்ற எண்ணம். இருபத்தெட்டு வயது வரைக்கும் அந்த எண்ணம் எனக்கு வந்ததே இல்லை. வந்த பிறகு போகவும் இல்லை.

திங்கட்கிழமை கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் ஒரு கடிதம் கேட்டேன். நல்ல மனிதர், களைத்துப்போய் இருந்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடதாசி எடுத்தார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஏற்கெனவே அடித்து வைத்த கடிதம். இன்னார் எங்கள் பங்கைச் சேர்ந்தவர், நன்னடத்தை உள்ளவர், எனக்கு நன்றாகத் தெரியும் என்று எல்லாம் இருந்தது. பெயருக்கு மட்டும் ஒரு புள்ளிக் கோடு. "உங்கட ஹஸ்பன்ட்ட முழுப் பேரைச் சொல்லுங்க" என்றார். லாச்சிக்குள் அதே மாதிரிக் கடதாசிகள் ஒரு கட்டு இருந்ததைப் பார்த்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஃபாதரில் அல்ல. இவ்வளவு பெயர் தேவைப்படும் என்று ஆண்டவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கத்தானே வேண்டும் என்று.

பக்கத்து வீட்டு அக்கா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், புருஷன் கப்பலில். என் வீட்டுக்குள் வருவதற்கு அவர் கதவைத் தட்டுவது கிடையாது. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தட்டு இடியப்பத்தோடு வந்து, நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போக உடுத்தாமல் இருந்ததைப் பார்த்தார். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போகாமல் இருப்பதென்றால் காய்ச்சலாவது இருக்க வேண்டும்.

"போகல்லயா?"

"என்னத்துக்கு அக்கா? அவருக்கு இங்க கேக்காதது அங்க கேக்குமா?"

அக்கா சுரூபத்தைப் பார்த்தார். பிறகு, "கேட்டுப் பாத்திட்டியா, இல்ல சும்மா இருக்கியா?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சரி. கேக்க ஏலாட்டி விடு. பிள்ளையக் கழட்டு."

"என்ன?"

"அவர்ட கையில இருக்கிற பிள்ளையக் கழட்டி எங்கயாவது ஒளிச்சு வை. என்ட ஆளத் தந்தாத்தான் உங்கட பிள்ளையத் தருவேன் எண்டு சொல்லு. அப்பதான் அவருக்கு விளங்கும். அப்பா குடிச்சிட்டு வீட்டுக்கு வராத நேரமெல்லாம் எங்கட அம்மா இதத்தான் செஞ்சவ."

"அக்கா, இது கடத்தல்."

"ஓம், கடத்தல்தான். அவங்க செய்யல்லயா?" என்று சொல்லி, இடியப்பத் தட்டை வைத்துவிட்டுப் போனார்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாதது அல்ல. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். கல்யாணம் சரிவராத பிள்ளைகளின் அம்மாமார் செய்வார்கள், நகை தொலைத்தவர்கள் செய்வார்கள். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் ஒருவர் இதைப் பற்றி ஒரு முழுப் பாடவேளை எங்களுக்கு ஏசியிருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன். இவ்வளவு படித்த எனக்கு இது தேவையா என்று அன்று முழுவதும் யோசித்தேன். பொலிஸ் வாசலுக்குப் போனேன், கடிதத்தைக் கொடுத்தேன், "ஹெட்ட என்ன" கேட்டேன், திரும்பி வந்தேன். வந்த வேகத்தில், கையும் கழுவாமல், பிள்ளையைப் பிடித்து ஆணியிலிருந்து இழுத்தேன். இலகுவாக வந்தது. "என்ட ஆளத் தாங்க. தந்தாத் தருவேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அது அந்த வாசல் பொம்பிளைப் பொலிஸின் குரல் போல இருந்தது. குசினிக்குப் போய், அரிசி டின்னைத் திறந்து, நடுவில் குழி தோண்டிப் பிள்ளையை வைத்து மூடினேன்.

மனதுக்கு ஒரு சின்ன ஆறுதல் வந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறு நாளாக எனக்கு எல்லோரும் செய்ததை நானும் ஒருவருக்குச் செய்துவிட்ட ஆறுதல். அது அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. முன்னறைக்கு வந்து பார்த்தால் அந்தோனியார் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரூபம் செய்தவன் அவருடைய கண்ணைப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வைத்திருந்தான். அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. பிள்ளை இல்லாத இடத்தில் துருப்பிடித்த ஒரு ஆணி, அதையே பார்த்தபடி ஒரு மனிதர். கொடியில் கிடந்த என் கணவரின் சாரத்தை நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் என் தலைக்குள் நடந்ததை ஒழுங்காக எழுத முடியாது. அங்கே யாரும் இல்லை என்றால் நான் யாரை மிரட்டுகிறேன்? வெறும் சாந்துக் கட்டியையா? யாரோ இருக்கிறார் என்றால் அவர் என் மிரட்டலுக்குப் பயப்படுகிறவரா? பயப்படுகிறவர் என்றால் அவரால் எனக்கு என்ன பிரயோசனம்? பயப்படாதவர் என்றால் நான் ஏன் பிள்ளையை எடுத்தேன்? சட்டியில் அரிசி கொதிக்கும் வரை இந்த வட்டத்தில் சுற்றுவேன். அரிசி எடுக்கும்போது அளக்கிற சுண்டு பிள்ளையில் இடிக்காமல் ஓரமாக அள்ளுவேன். நம்பிக்கை இல்லாதவள் ஏன் ஓரமாக அள்ளுகிறாள் என்றும் என்னையே கேட்பேன். ஒரு நாள் அவசரத்தில் சுண்டுக்குள் பிள்ளையும் சேர்ந்து வந்துவிட்டது. "சொறி" என்று மன்னிப்புக் கேட்டு மறுபடி புதைத்தேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய நேரம், எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். முனையில் ஆமிக்காரர் நின்றார்கள். வீடு வீடாகப் பொலிஸ் ஏறியது. எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு நரைத்த மீசை, மற்றவருக்கு முப்பது வயது இருக்கும். மீசைக்காரர் பொலிஸ் பதிவுப் படிவத்தின் வீட்டுப் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு பெயர் இருக்கிறதே, மற்ற ஆள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அதை நான்தான் உங்களிடம் கேட்க வேண்டும், அவர் உங்களிடம்தான் இருக்கிறார்" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னை முறைத்துவிட்டு அலுமாரியைத் திறந்தார். இளையவர் குசினிக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன்.

அவர் பருப்புப் போத்தலைக் குலுக்கினார், சீனிப் பேணியைத் திறந்து மூடினார். பிறகு அரிசி டின். அரிசிக்குள் எதையும் ஒளிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். முழங்கை வரைக்கும் கையை விட்டார். அவர் முகம் மாறியது. கையில் ஏதோ தட்டுப்பட்டுவிட்டது. வெளியே எடுத்து, அரிசியை உதறி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மொகக்த?" என்று முன்னறையிலிருந்து மீசைக்காரர் சத்தம் போட்டார். என்ன அது என்று.

இளையவர் பிள்ளையைப் பார்த்தார். திரும்பி, கதவுக்கூடாகத் தெரிந்த சுரூபத்தின் வெறும் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முக்குத் நே" என்று முன்னறைக்குச் சத்தம் கொடுத்தார். ஒன்றும் இல்லை என்று.

குனிந்து நின்ற அவருடைய கழுத்தில் ஒரு நூல் தெரிந்தது. நூலில் ஒரு சின்ன மெடல். கடல் பக்கத்துக் கத்தோலிக்கச் சிங்களவர் என்று விளங்கியது. குரலைத் தாழ்த்தி, "அந்தோனி முனியிடம் எடுத்ததா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"எத்தனை நாள்?"

"ஐந்து."

அவர் பிள்ளையின் முகத்தில் ஒட்டியிருந்த தவிட்டை வாயால் ஊதினார். "எங்கள் அம்மாவும் இப்படித்தான் செய்வா. அம்மா அரிசிப் பானைக்குள் வைத்து மூன்று வருஷம் ஆகிறது" என்றார். பிறகு, "தம்பி ஆமியில். காணாமல் போய்விட்டான். செத்தான் என்று கடிதமும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. அம்மா இன்னும் பிள்ளையைக் கொடுக்கவில்லை" என்றார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் கணவரின் பெயரைச் சொல்லி, ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள் என்று காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்குத்தானே பதினொரு நாள் வெயிலில் நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை, எதுவும் செய்கிறேன் என்று சொல்லவும் இல்லை. பிள்ளையை மறுபடி அரிசிக்குள் வைத்தார். கையால் மேலே அரிசியை இழுத்து மூடி, சமப்படுத்தினார். டின் மூடியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அடுத்த வீட்டில் அக்காவின் இடியப்பத் தட்டுகளை அவர்கள் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

நான் குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். மூன்று வருஷம். இந்த வழி வேலை செய்கிறது என்றால் அந்த அம்மாவுக்கு ஏன் வேலை செய்யவில்லை? ஒழுங்காக யோசித்தால் அந்த இடத்தில் என் சந்தேகம் முற்றிப்போயிருக்க வேண்டும். பார், ஒன்றும் இல்லை, எல்லாம் சாந்து என்று நான் எழும்பியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கேயோ கடற்கரைப் பக்கம் ஒரு குசினியில் இன்னொரு பெண் ஓரமாக அரிசி அள்ளிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான். அவளுடைய மகன் என் கணவரின் ஊர்ப் பக்கம் எங்கேயோ தொலைந்துவிட்டான். என் கணவரை அவளுடைய ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு பேரும் ஒரே அந்தோனியாரின் பிள்ளையை ஒளித்து வைத்துக்கொண்டு, தா, தா என்று நிற்கிறோம். அவர் யாருக்கு முதலில் கொடுப்பார்? இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, வெறும் ஆணியோடு, அவருக்கும் குழப்பமாக இருக்காதா? எனக்கு முதல் தடவையாக அவரில் இரக்கம் வந்தது. இரக்கப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. யாரும் இல்லாத இடத்தில் எப்படி இரக்கப்படுவது? அப்படியென்றால் அங்கே யாரோ இருக்கிறார் என்று நான் இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டுதான் இருந்தேனா?

எழும்பி, டின்னைத் திறந்து, பிள்ளையை எடுத்தேன். சேலைத் தலைப்பால் துடைத்தேன். முன்னறையில் பொலிஸ் இழுத்துப் போட்ட உடுப்புகளை மிதித்துக்கொண்டு போய், ஆணியில் செருகினேன். இரண்டு தரம் தவறியது.

"இந்தாங்க" என்றேன். "அவர் வரல்ல. வராமலே தாறேன். நான் உங்களோட பேரம் பேச வரல்ல. அவர் இருக்கிற இடம் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பாத்துக்கொள்ளுங்க. அந்த அம்மாட மகனையும் பாத்துக்கொள்ளுங்க."

என் மனம் அப்போதே தெளிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். கையில் இருந்த ஒரே பிடியையும் விட்டுவிட்டேனே என்று அடுத்த நிமிஷமே பயம் பிடித்தது. எனக்கு என்ன விசர், அவர் வருமட்டுமாவது வைத்திருந்திருக்கலாமே என்று நினைத்தேன். ஆனால் மறுபடி கழற்றவில்லை. உடுப்புகளை மடித்து அலுமாரியில் அடுக்கினேன். செபமாலையை எடுத்தேன். "மரண வேளை" வந்தது. பயத்தோடு சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த மணிக்குப் போனேன். மாலை முடியும் வரை ஐம்பத்து மூன்று முறை அந்தச் சொல்லைச் சொன்னேன். பயம் ஒவ்வொரு முறையும் இருந்தது. ஆனால் கூட யாரோ இருக்கும்போது பயப்படுவதற்கும் தனியாகப் பயப்படுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை மட்டும் அன்று உணர்ந்தேன்.

திங்களும் செவ்வாயும் வாசலில் நின்றேன். "ஹெட்ட என்ன." செவ்வாய்க்கிழமை திரும்பும் வழியில் புறக்கோட்டையில் இறங்கிக் கொச்சிக்கடைக்கு நடந்தேன். சன நெரிசலில் நின்று அந்தோனியாரிடம் எதுவும் கேட்கவில்லை. மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பத்து மணி போல ஒரு த்ரீவீலர் ஒழுங்கை முனையில் நின்றது. நான் வெளியே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தாடியோடு, யாருடையதோ ஒரு பெரிய ஷேர்ட்டோடு, காலில் செருப்பில்லாமல் ஒரு மனிதர் நடந்து வந்தார். அவர் நடையைக் கொண்டுதான் அடையாளம் கண்டேன். கிட்ட வந்து, "இஞ்சரும், த்ரீவீலர்காரனுக்குக் குடுக்கச் சல்லி இல்லை" என்றார். பதின்மூன்று நாளாக நான் ஆயத்தம் பண்ணி வைத்திருந்த சொற்களையெல்லாம் விட்டுவிட்டு உள்ளே ஓடிச் சல்லி எடுத்துக்கொண்டு வந்தேன்.

தண்ணீர் குடித்தார். குளித்தார். முதுகைக் காட்ட மாட்டேன் என்றார், நானும் கேட்கவில்லை. எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். "தெரியாது. பேரைக் கூப்பிட்டாங்கள். போ எண்டாங்கள். வந்தனான்" என்றார். ஃபாதரின் கடிதமா, முதலாளி யாரிடமோ ஓடித் திரிந்ததா, அந்த இளம் பொலிஸ்காரர் எங்கேயாவது ஒரு சொல் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சுரூபத்தைப் பார்த்தார். எழும்பிப் போய்க் கிட்ட நின்று பார்த்தார். பிள்ளையின் காலுக்கும் அங்கிக்கும் இடையில் ஒரு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் துடைத்ததில் போகவில்லை.

"என்ன மாமா," என்றார், "சோறு காய்ச்ச ஆளில்லாமல் பிள்ளைட வாயில அரிசியையே தீத்திப்போட்டியளோ?"

நான் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அழுகையாக மாறி, நிறுத்த முடியாமல் அழுதேன். அவர் பயந்துபோய்ச் சாப்பிட்ட கையோடு வந்து என்னைப் பிடித்தார். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கடத்தியதையும் சொன்னேன். அவர் பகிடி எதுவும் விடவில்லை. அந்தப் பொலிஸ்காரரின் தம்பிக்கு எத்தனை வயது என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஒழுங்கை முழுக்க வெற்றி முழக்கம் போட்டார். "பதின்மூண்டாம் நாள் வந்திருக்கிறார்! அந்தோனியார்ட திருநாளும் பதின்மூண்டுதானே!" பிடித்த நாளையும் சேர்த்து எண்ணினால் பதினாலு வருகிறது என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ஆள் வந்தார் என்றும் சொல்லவில்லை. சொன்னால், கழற்றி ஐந்து நாள் வைத்துத் திருப்பிக் கொடுங்கள் என்று அக்கா அதையே ஒரு புது முறையாக்கி ஒழுங்கைக்குப் படிப்பித்துவிடுவார். நான் திருப்பிக் கொடுத்தது ஏதாவது கிடைக்கும் என்று அல்லவே.

இதையும் எழுத வேண்டும். பச்சைச் சேலைக்காரியின் புருஷன் வரவில்லை. அடுத்த வாரம் என் கணவரையும் கூட்டிக்கொண்டு அந்த வாசலுக்குப் போய், தன் புருஷனை உள்ளே கண்டீர்களா என்று அவரையே கேட்கும்படி அவளிடம் சொன்னேன். என் கணவர் அவரைக் கண்டிருக்கவில்லை. எனக்குக் கிடைத்தது அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். சந்தேகம் தீர்ந்ததா என்று என்னைக் கேட்டால், இல்லை, அது இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டே அந்தோனியாரிடம் போகிறேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடையில் தமிழ் அம்மாமாரும் சிங்கள அம்மாமாரும் ஒரே வரிசையில்தான் நிற்போம். வயதான சிங்களப் பெண் யாராவது எனக்கு முன்னால் நின்றால் எட்டி முகத்தைப் பார்ப்பேன். இவவாக இருக்குமோ என்று. என்னத்தை அடையாளம் காணப் போகிறேன்? ஆனாலும் பார்ப்பேன். மகன் வந்தானா, அம்மா? பிள்ளையைக் கொடுத்துவிட்டீர்களா, இன்னும் அரிசிக்குள்தானா? இதைக் கேட்க வேண்டும்.

இரண்டு மெழுகுதிரி வாங்குவேன். ஒன்று என் கணவருக்கு. மற்றதைக் கொளுத்தும்போது சொல்ல ஒரு பெயர் இல்லை. அந்த மகனின் பெயரை நான் கேட்காமல் விட்டுவிட்டேன். அந்தோனியாருக்குத் தெரியும்.